அறுபத்து நாலாம் வில்லை

அந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் பார்க்க நாலு இடங்கள் உண்டு. தொங்குபாலம், அருவி, தண்ணீர் விசையில் ஓடும் பழைய மாவு மில், கடைசியாகச் செம்புச் சுரங்கம். பாலத்தின் நடுவில் நின்று போட்டோ எடுப்பார்கள். அருவியில் நனைந்துவிட்டு "குளிருது, குளிருது" என்று ஊரைக் கூட்டுவார்கள். மில்லில் தும்முவார்கள். சுரங்கத்துக்குள் போனால் மட்டும், எப்பேர்ப்பட்ட வாயாடியும் கப்சிப். அங்கே அவர்களைக் கூட்டிப்போகிறவள் வில்லையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வாக்காளர் பட்டியலில் போய்ப் பார்த்தால் கிடைக்கும்.

பெயர்க் காரணம் சுரங்க வாசலிலேயே தொங்குகிறது. ஒரு பெரிய மரப்பலகை, அதில் இரண்டு பக்கமும் வரிசையாக ஆணிகள். இடப்பக்கம் 'உள்ளே', வலப்பக்கம் 'வெளியே'. சுரங்கம் ஓடிய காலத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் எண் அடித்த பித்தளை வில்லை ஒன்று இருந்தது. ஆள் உள்ளே போனால் பலகைக்காரர் அவன் வில்லையை 'உள்ளே' பக்கம் மாட்டுவார். அவன் திரும்பி வந்து எதிரில் நின்றதும் 'வெளியே' பக்கம் மாற்றுவார். அந்தப் பலகைக்காரர் வில்லையக்காவின் அப்பா. அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: முகத்தைப் பார்க்காமல் வில்லையைத் தொடக்கூடாது.

இப்போது சுற்றுலாக்காரர்களுக்கும் அதே பலகை, அதே வில்லைகள். பஸ் வந்ததும் தலைக்கு ஒன்று என்று மாட்டிவிட்டுக் கூட்டிப்போவாள். அறுபத்து நாலை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டாள். அது 'வெளியே' பக்கத்தில் கறுத்துப்போய்த் தொங்கும். ஒருமுறை ஒரு பெரியவர் தன் வயது அறுபத்து நாலு, அந்த எண்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். "அதுக்கு ஆள் இருக்காங்க சார், அறுபத்தஞ்சு எடுத்துக்கங்க, சீக்கிரமே உபயோகப்படும்" என்றாள். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆள் அவளுடைய அண்ணன்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துக்கொண்ட வாரத்தில், பதினேழு வயசில் அவள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அண்ணனுக்குக் கொண்டாட்டம். மேல் குடைவிலிருந்து காற்றுக்காக வெட்டிய துளை ஒன்று அருவிக்குப் பக்கத்தில் திறக்கும். அதில் ஏணி உண்டு. மில்லில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பார்க்க, வேலை முடிந்ததும் வாசலுக்கு வராமல் அந்த ஏணி வழியாகக் கம்பி நீட்டிவிடுவான். "நாலு மணிக்கு என் வில்லையை 'வெளியே' மாட்டிடு. அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்று தங்கையிடம் சொல்லி வைத்திருந்தான். திங்கள் மாட்டினாள். செவ்வாய் மாட்டினாள். புதன்கிழமையும் நாலு மணிக்கு, முகத்தைப் பார்க்காமல், அறுபத்து நாலை எடுத்து 'வெளியே' பக்கம் மாட்டினாள்.

நாலே காலுக்கு மேல் குடைவு இடிந்தது. அதிகாரி ஓடிவந்து பலகையைப் பார்த்தார். இடப்பக்கம் ஒரு வில்லை கூட இல்லை. "எல்லாரும் வெளியே வந்தாச்சு, நல்ல காலம்" என்று நெற்றி வியர்வையைத் துடைத்தார். அஞ்சாம் நாள் அந்த இடத்தைச் செங்கல் சுவர் வைத்து அடைத்தார்கள். அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. முந்தின வாரம்தான் அப்பாவோடு சண்டை போட்டிருந்தான். கோபித்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டான் என்று ஊர் சொன்னது. அந்தப் பேச்சைத் தங்கை கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஏணி ஏறிப் போயிருப்பான், டவுனில் இருப்பான், ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்குவான். அதை நம்பாவிட்டால் அவள் என்ன செய்தாள் என்று ஆகும்?

சுரங்கம் மூடி, பிறகு சுற்றுலாவுக்குத் திறந்தபோது முதல் ஆளாக வேலை கேட்டுப் போனவள் அவள்தான். அன்றிலிருந்து ஒரு தொல்லை. செங்கல் சுவருக்கு எதிரில் கூட்டத்தை நிறுத்தி டார்ச் அடித்துத் தலை எண்ணுவாள். ஒன்று கூடும். இருபத்தொரு பேரைக் கூட்டிப்போனால் இருபத்திரண்டு வரும். வாசலுக்கு வந்து எண்ணினால் இருபத்தொன்றுதான். முதல் வருஷம் பயந்தாள். இரண்டாம் வருஷம் மூக்குக்கண்ணாடியை மாற்றினாள். மூன்றாம் வருஷத்திலிருந்து உள்ளே எண்ணுவதை நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. டார்ச் தானாகப் போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் நிற்கும். "இங்க பேய் இருக்கா?" என்று யாராவது கேட்காத நாளே கிடையாது. "இருந்தாலும் டிக்கெட் வாங்கிட்டுத்தான் வரணும்" என்பாள். சுவரின் கீழ்ப் பிளவிலிருந்து சில்லென்று காற்று வந்து அவள் கணுக்காலில் படும்.

வீட்டுக்குப் போனால் அம்மா. எழுபத்தெட்டு வயசு, காது கூர்மை, வாய் அதைவிட. தினமும் பூண்டு உரித்துக்கொண்டே ஒரே கேள்வி.

"இன்னிக்கு பஸ்ல அவன் சாயல்ல யாராவது வந்தாங்களா?"

"இல்லம்மா."

"வருவான். எங்க போயிடப் போறான்."

இதைக் கேட்டுக் கேட்டே மகளுக்குத் தலை நரைத்தது. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். இந்த நம்பிக்கையைத் தன் வாயால் எப்படி உடைப்பது?

போன மாதம் புது மேனேஜர் வந்தார். துறுதுறுவென்ற ஆள், எதையும் சும்மா விடமாட்டார். "அக்கா, ஒரு சந்தோஷமான விஷயம். அந்தச் சுவரை எடுத்துடறோம். மேல் குடைவு வழியா அருவி வரைக்கும் பாதை போட்டுட்டா, நாலு இடத்தையும் ஒரே சுத்துல பாத்துடலாம். வர்ற புதன்கிழமை உடைக்கிறாங்க."

"புதன்கிழமையா?" என்று கேட்டவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

சுவருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்றால் அண்ணன் எங்கோ இருக்கிறான், தான் தப்பித்தாள். ஏதாவது இருந்தால்? அந்த வாரம் அருவிக் கதையை மில்லில் நின்று சொன்னாள். சுவருக்கு எதிரில் எண்ணும்போது இரண்டு கூடியது. தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டோம் போல என்று சமாதானம் செய்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அவன் வில்லையை நான்தான் மாட்டினேன். அவன் முகத்தைப் பாக்கல. அவன் வெளிய வரவே இல்லையோ என்னமோம்மா."

அம்மா பூண்டை உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"சுவர் வெச்சு மூணு மாசம் கழிச்சு அந்த மில்லுப் பொண்ணு வந்துது. 'அன்னிக்கு அவர் வரவே இல்ல, கடைசி வரைக்கும் அருவிகிட்டயே நின்னேன்'னு அழுதுது. ஏணியில ஏறியிருந்தா அவளைப் பாக்காம போவானா? பலகை முன்னாடி உக்காந்திருந்தவ நீ. இது கூடப் புரியாத மக்கா நான்?"

"அப்போ தினமும் பஸ்ல வந்தானான்னு கேட்டியேம்மா!"

"உனக்காகக் கேட்டேன். கேக்கறத நிறுத்தினா உனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நீ அந்தப் பாலத்துலேந்து குதிச்சிருப்பே. ஒண்ணைப் பறிகுடுத்தாச்சு, இன்னொண்ணையும் குடுக்கச் சொல்றியா?"

முப்பத்திரண்டு வருஷமாக அம்மாவுக்காக மகள் நடித்தாள், மகளுக்காக அம்மா நடித்தாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

"உடனே தேடியிருந்தா உயிரோட இருந்திருப்பானோம்மா?"

அம்மா மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் விரலில் பூண்டு வாசனை அடித்தது.

புதன்கிழமை காலை மேனேஜர், கொத்தனார்கள் நாலு பேர், டாக்டர், ஒரு போலீஸ்காரர் என்று ஏழு பேர் சுரங்க வாசலில் கூடினார்கள். டாக்டரையும் போலீஸையும் வரச் சொன்னது வில்லையக்கா. விடிந்ததும் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அந்த மனுஷர் துறுதுறுப்பெல்லாம் அடங்கிப்போய் நின்றார். ஏழு பேரின் முகத்தையும் பார்த்து ஏழு வில்லைகளை 'உள்ளே' பக்கம் மாட்டினாள். பிறகு வலப்பக்கம் போய், ஆணியோடு ஒட்டிக்கொண்டிருந்த அறுபத்து நாலை நகத்தால் பெயர்த்து எடுத்தாள்.

"இது இங்க இருக்கக் கூடாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, அதையும் 'உள்ளே' பக்கம் மாட்டினாள். அவள் உள்ளே போகவில்லை. பலகைக்காரி பலகையை விட்டு நகரக்கூடாது. அம்மா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சம்மட்டிச் சத்தம் மலையெல்லாம் கேட்டது. பிறகு நின்றது.

மூன்று மணிக்கு மேல் டாக்டர் முதலில் வந்தார். ஏணியின் அடியில், பாறைக்குக் கீழே இருந்தான் என்றார். பாறை விழுந்த நிமிஷமே போயிருப்பான், கஷ்டப்பட்டிருக்க மாட்டான் என்றும் சொன்னார். உண்மையைச் சொன்னாரா, இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. ஒவ்வொருவராக வந்து எதிரில் நிற்க, ஒவ்வொரு வில்லையாக மாற்றினாள். கடைசி இரண்டு கொத்தனார்களும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே வெள்ளைத் துணி மூடியிருந்தது. கால்மாட்டில் நசுங்கிய தலைக்கவசம், அதில் பெயின்ட்டில் எழுதிய அறுபத்து நாலு.

"நிறுத்துங்க. துணியை எடுங்க."

"வேணாம்க்கா" என்றார் மேனேஜர். "நீங்க பாக்க வேணாம்."

"பாக்காம மாட்டக்கூடாது தம்பி."

துணியை விலக்கினார்கள். அம்மா நாற்காலியைப் பிடித்து எழுந்துவந்து குனிந்தாள்.

"இவ்வளவு நேரமாடா உனக்கு?" என்று கேட்டாள்.

தங்கை அவனைப் பார்த்தாள். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. இருந்தாலும் முன்பல்லில் ஓரம் உடைந்திருந்தது. சின்ன வயசில் அவளைச் சைக்கிளில் வைத்து ஓட்டும்போது விழுந்து உடைத்துக்கொண்டது. அவள் அவசரப்படாமல் பார்த்தாள். வெளியே பஸ் ஹாரன் அடித்துக் கூப்பிட்டது, யாரும் திரும்பவில்லை.

அவனை நன்றாகப் பார்த்து முடித்த பிறகு, அறுபத்து நாலை எடுத்து 'வெளியே' பக்கம் மாட்டினாள்.