மூளைக்குப் போட்ட ஜாயின்ட்

என் கையெழுத்து எனக்கே சில சமயம் புரியாது. நாலாம் வகுப்போடு நிறுத்தியவன். எழுத்துப் பிழை இருந்தால் படிப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். எங்கள் கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லி கவிதா மேடம் இரண்டு வருஷமாகக் கேட்கிறார். வயரிங் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படித்தால் போதும், மற்றவர்கள் சிரிக்காமல் இருந்தால் சந்தோஷம்.

நான் இங்கே வயர்மேன். வீடு நீலசந்திராவில்.

1. ஓட்டை வயர்

கவிதா மேடம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து உயிரியல் பாடம் எடுக்கச் சேர்ந்த முதல் வருஷம். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கண்காட்சிக்காக நரம்பு செல் மாடல் செய்தார். நன்றாக வந்தால் நிரந்தர வேலைக்கு ஆர்டர் தருவதாக பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

மாடல் என்றால் பெரிய தெர்மோகோல் உருண்டை, அதைச் சுற்றிக் கிளை கிளையாகக் கைகள். கை முளைத்த இட்லி மாதிரி இருக்கும். அதற்குப் பன்னிரண்டு அடியில் ஒரு வால். வாலுக்குள் எல்.ஈ.டி வரிசை, மேலே வெள்ளை ஃபோம் பைப். வால் முடிகிற இடத்துக்கு எதிரே இன்னொரு இட்லி. அதோடு மோட்டார் வைத்த பிளாஸ்டிக் கை, கையில் ஒரு ரோஜாப்பூ. சுவிட்ச் போட்டால் கை எழுந்து சீஃப் கெஸ்டுக்குப் பூ கொடுக்க வேண்டும்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், வயரிங் சேஃப்டியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மேடம் போஸ்டர் வாங்க வெளியே போயிருந்தார்.

பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. வாலில் ஏழெட்டு இடத்தில் ஃபோம் இல்லை. பைப் பற்றாமல் போயிருக்கும், கேட்கக் கூச்சப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். எனக்கும் அந்தக் குணம் உண்டு. அடுகோடி கடைத்தெரு வரை ஸ்கூட்டரில் போய் பைப் வாங்கி வந்து எல்லா ஓட்டையையும் மூடினேன்.

வால் நுனியில் இன்னும் மோசம். முதல் செல்லின் வயர் முடிந்து, மூன்று விரல் இடைவெளி விட்டு, அடுத்த செல்லின் வயர் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயும் குட்டி ஃபேனும் தெர்மோகோல் மணிகளும் கிடந்தன. குப்பை என்று ஓரமாக வைத்தேன். இரண்டு வயரையும் முறுக்கி, சால்டர் வைத்து, மூன்று சுற்று டேப் சுற்றினேன். என் சர்வீஸில் அவ்வளவு அழகான ஜாயின்ட் போட்டதில்லை. முதல் சுவிட்ச் மேடம்தான் போட வேண்டும் என்று மரியாதைக்காக டெஸ்ட் பண்ணாமல் வந்துவிட்டேன்.

2. பூ அடி

மறுநாள் காலை, சீஃப் கெஸ்ட் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது பிரின்சிபால் பார்க்க வந்தார். மேடம் சுவிட்சைப் போட்டார்.

வாலில் ஒரு வெளிச்சமும் தெரியவில்லை. கை மட்டும் எழுந்தது. பூவால் பிரின்சிபால் மூக்கில் ஒன்று போட்டது. இறங்கியது, மறுபடி எழுந்தது, மறுபடி போட்டது. அவர் நகரவும் இல்லை. மேடம் சுவிட்சை அணைப்பதற்குள் ஐந்து அடி. ரோஜாவில் காம்பு மட்டும்தான் மிச்சம்.

"ஏன்மா, இது பூ குடுக்குதா, பழி தீக்குதா?" என்றார் பிரின்சிபால்.

மேடம் வால் முழுக்கத் தடவிப் பார்த்து, யார் மூடியது என்று கேட்டார். நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன். அவர் திட்டவில்லை.

"அண்ணா, அது வேணும்னே விட்டதுங்க. நரம்பே அப்படித்தானுங்க இருக்கும்" என்றார். பிறகு சுருக்கமாகச் சொன்னார். நரம்பின் வாலுக்கு மேல் கொழுப்பால் ஒரு உறை உண்டு. நடுநடுவே திறந்த இடங்கள் இருக்கும். சிக்னல் அங்கங்கே புது பலம் வாங்கித் தாவித் தாவி ஓடும். ஒரு செல்லும் அடுத்த செல்லும் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. நடுவில் ரசாயனம் தாண்டிப் போய்ச் சொன்னால்தான் அடுத்தது வேலை செய்யும். அந்த மணிகள்தான் ரசாயனம். ஃபேன் அவற்றை ஒரு தடவை ஊதினால் கை ஒரு தடவை எழும். நேராக இணைத்துவிட்டதால் வந்த சிக்னலுக்கெல்லாம் கை எழுந்திருக்கிறது.

பிரின்சிபால் இதைக் காதில் வாங்கவில்லை. அவர் காமர்ஸ் படித்தவர். குனிந்து என் ஜாயின்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கேப் விட்டா கரண்ட் எப்பிடிம்மா போவும்? வயர்மேனுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே" என்றார். மாடலைத் துணி போட்டு மூடச் சொன்னார். ஆர்டர் விஷயம் அப்புறம் பார்க்கலாம் என்றார். பிறகு என் தோளைத் தட்டி, பேர் என்ன என்று கேட்டார்.

பதினோரு வருஷத்தில் என் பேரை அவர் கேட்டது அன்றுதான். உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தட்டல் நன்றாகத்தான் இருந்தது. பேரைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். மேடம் துணியை எடுத்து மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"முருகேஷ், சார்" என்றேன். "தப்பு என்னோடது சார். அங்க ஜாயின்ட் வரக்கூடாது. தலைக்குள்ள எல்லாம் கேப்புதான் சார்."

"யார் தலைக்குள்ள?"

எனக்குப் பெரியவர்களிடம் பேசிப் பழக்கமில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "எல்லாருக்கும் சார். உங்க தலையிலயும் லூஸ் கனெக்ஷன்தான் சார்."

மேடம் துணியால் வாயை மூடிக்கொண்டார். பிரின்சிபால் தன் தலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பழையபடி மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்றார். பத்து நிமிஷம் என்றேன்.

"பேக மாடு" என்றார். சீக்கிரம் செய் என்று கன்னடத்தில் அர்த்தம். ஊருக்குப் புதுசான மேடம், மாடு என்று திட்டுவதாக நினைத்து எனக்காக மன்னிப்புக் கேட்டார்.

3. பத்து நிமிஷம்

நான் போட்டதிலேயே நல்ல ஜாயின்டை நானே வெட்டினேன். ஃபோமைக் கிழித்தேன். மணிகளைப் பொறுக்கிக் குழாயில் போட்டேன். மேடம் வேறு பூ வாங்கி வரச் சொன்னார்.

சீஃப் கெஸ்ட் வந்தார். வெளிச்சம் ஓட்டை ஓட்டையாகத் தாவி ஓடியது, மணிகள் பறந்தன, கை ஒரே ஒரு தடவை எழுந்து பூவை நீட்டியது. பிரின்சிபால் மட்டும் இரண்டடி தள்ளி நின்றார். "நம்ம எல்லார் தலையிலயும் லூஸ் கனெக்ஷன்தான் சார்" என்று சீஃப் கெஸ்டிடம் தன் சொந்தக் கருத்து போலச் சொன்னார். கைதட்டினார்கள். அந்த மாதமே மேடத்துக்கு ஆர்டர் வந்தது.

நான் கற்றது ஒன்றுதான். பிரிந்து கிடப்பதைப் பார்த்ததும் சேர்க்கக் கூடாது, முதலில் கேட்க வேண்டும். போன மாதம் லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டில் மெயின் போர்டைத் திறந்தேன். வயர் ஒன்று கழன்று தொங்கியது. வீட்டுக்கார அம்மாவிடம், இது வேண்டுமென்றே விட்டதா என்று பணிவாகக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு வயர்மேனுக்கு ஃபோன் போட்டார்.

எழுதி முடித்தது: ஆயுத பூஜைக்கு மறுநாள், மத்தியானம்.