சின்ன ‘ர’

இது நடந்தது. மிகையாக எழுதப்பட்டதை வெட்டியே பழகிய ஒருத்திக்கு நடந்தது. ஆகவே, சேர்த்துச் சொன்னது எதுவும் இதில் இல்லை. நம்பாதவர்கள் பழைய நீரேற்று நிலையத்துக்குப் போய், இடித்த சுவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். வயது ஐம்பத்திரண்டு. கடைப் பலகையில் விடுபட்ட ஒற்றெழுத்தைக்கூடக் கடைக்காரரிடமே சுட்டிக்காட்டுவாள் என்பதால் ஊரார் வைத்த பட்டப்பெயர் ‘ஒற்றம்மா’. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊரின் மறைந்துபோன இடங்களைத் தேடிக் குறிப்பெடுப்பாள்: எங்கும் போய்ச் சேராத மாடிப்படி, மண்மூடிப்போன பழைய தெரு, ஒரே வீட்டுக்கு இரண்டு கதவிலக்கம். சிறு நூலாகப் போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நூல் ஒரு சாக்கு என்பது அவளுடைய அம்மாவுக்கு மட்டும் தெரியும். முப்பத்தேழு ஆண்டுகளாக இரவில் வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடாதவர் அம்மா.

காரணம், தம்பி. ஒன்பது வயதில் காணாமல் போனவன். அன்று அவனுக்குச் சொல்வதெழுதுதல் நடத்தியவள் அக்கா. ‘இருக்கிறேன்’ என்பதற்கு எப்போதும் சின்ன ‘ர’ போடுவான். பத்துத் தடவை எழுது என்றாள். முதல் வரியிலேயே மறுபடி சின்ன ‘ர’.

“சரியா எழுதிட்டு வா. அதுவரைக்கும் என் முகத்துல முழிக்காதே.”

அவன் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். மாலை 4.10. ஆற்றில் தேடினார்கள். ரயிலடியில் தேடினார்கள். பிறகு தேடுவதை அவரவர் நிறுத்திக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நீரேற்று நிலையத்துக்குப் போனாள். அதன் காவலாளி பேச்சுக்கு ஏங்கியவர். கீழறையிலிருந்து ஒரு மழைநீர்ச் சுரங்கம் ஊருக்கு அடியில் போனதாகவும், அதன் வாயைச் சுவர் வைத்து அடைத்துவிட்டதாகவும் சொன்னார். எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை.

“கீழே பேய் இருக்குன்னு பேசிக்கறாங்க, ஒற்றம்மா. இருந்தா நல்லதுதான். எனக்கும் ஒரு பேச்சுத்துணை” என்றபடி சாவியைத் திருப்பினார்.

இருபத்திரண்டு படிகள். கைக்கடிகாரத்தில் 4.06. வெளியே நல்ல வெயில். கீழே டார்ச் வெளிச்சம் மட்டும். பாசி வாடையை எதிர்பார்த்திருந்தாள். அடித்ததோ வேறு வாடை. பள்ளிக்கூட வாடை... சாக்பீஸ் தூள்.

சுவரில், அவள் இடுப்பளவு உயரத்தில், வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி.

நான் இங்கே இருக்கிரேன்.

கை முந்திக்கொண்டது. சிவப்புப் பென்சிலால் ‘ர’வை வெட்டினாள். ஓரத்தில் பெரிய ‘ற’ போட்டாள். முப்பது ஆண்டுப் பழக்கம்.

போட்ட பிறகுதான் அந்த வரியைப் படித்தாள்.

பென்சில் கீழே விழுந்தது. உருண்டு... சுவரோரம் போய் நின்றது. மணி 4.10.

திரும்பிப் படியேறினாள். மூன்றாவது படியில் கேட்டது.

கிறீச்...

சுவருக்கு உள்ளேயிருந்து.

கிறீச்... கிறீச்...

எழுதும் சத்தம். ஒரு வரி. இடைவெளி. அடுத்த வரி. அவளையறியாமல் எண்ணினாள். ஏழு... எட்டு... ஒன்பது...

பத்து.

நின்றது.

பிறகு, அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு படி கீழே...

மூச்சு.

சின்ன மூச்சு.

காத்திருக்கும் மூச்சு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடினாள்.

மேலே வந்தபோது மணி 4.14. காவலாளி தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் திரும்பவில்லை என்ற கேள்வி அப்போது தொடங்கியது; இன்றுவரை முடியவில்லை.

மறுநாள் நகராட்சிப் பொறியாளரை அழைத்துக்கொண்டு இறங்கினாள். சுவரில் சாக்பீஸ் எழுத்தின் சுவடே இல்லை. வெறும் சிமெண்டுப் பூச்சில், எதன்மேலும் இல்லாமல், ஒரு சிவப்பு வெட்டு. ஓரத்தில் ஒரு ‘ற’. பொறியாளர் அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் நல்ல மனிதர். அலுவலகத்துப் பழைய வேலைக் குறிப்பேட்டைத் தேடியெடுத்துப் பார்த்தார். சுரங்க வாயை அடைத்த தேதி அதில் இருந்தது. தம்பி போன அதே நாள். வேலை முடிந்த நேரம், மாலை 5.30.

அவர் குறிப்பேட்டை மூடிவிட்டு, “இடிச்சிடலாம்மா” என்றார்.

புதன்கிழமை சுவரின் ஓரத்தை இடித்து உள்ளே நுழைந்தார்கள். உள்ளே கிடந்தவற்றை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார்கள். அவற்றைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அன்றிரவு அம்மா தம் கையாலேயே கதவைத் தாழிட்டார்.

எழுத வேண்டியது ஒன்றுதான். முப்பத்தேழு ஆண்டுகளாக யாரும் தொடாத அந்தச் சுவரின் உட்புறத்தில், பிள்ளைக் கையெழுத்தில், சாக்பீஸ் வரிகள் இருந்தன. முதல் வரியில் சின்ன ‘ர’. அது சிவப்புப் பென்சிலால் வெட்டப்பட்டிருந்தது. ஓரத்தில், அவளுடைய கையெழுத்தில், ஒரு ‘ற’. அதன் கீழே பத்து வரிகள். பத்திலும் பெரிய ‘ற’.

கடைசியாக, அவள் எழுதச் சொல்லாத ஒரு வரி:

அக்கா, இனி வரலாமா?

அதில் திருத்த எதுவும் இல்லை.