சக்கரே பிட்டு

செல்வியின் குழந்தை செத்ததற்கு நீங்கள்தான் காரணம். உங்கள் பெயரை எழுதமாட்டேன். படித்தால் உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தயிர் வியாபாரத்தில் புளிக்கவில்லை என்றாலும் சண்டை, புளித்துவிட்டது என்றாலும் சண்டை. கடை வைத்துப் பேச்சு வாங்கிய யாருக்கும் இது புரியும். மைசூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே, எஸ்.டி.டி. பூத்தை ஒட்டி என் கடை. ஓட்டலில் தட்டு கழுவி, அடி வாங்கிக் கன்னடம் கற்று, பேரம் பேசிப் பிடித்த இடம்.

கிருமி

தயிரில் உயிருள்ள கிருமி இருக்கிறது, மாசமாக இருக்கும் கனத்த உடம்புக்காரிகளுக்கு நல்லது, சுகருக்கும் உதவலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு வியாபாரம். நான் ஏன் மறுக்கப்போகிறேன்?

ரயில்வே குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர் மருமகளோடு வந்தார். மருமகளுக்கு நின்றாலே மூச்சு வாங்கியது. தயிர் குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்றார் மாமியார். டாக்டர் சொன்ன கிருமிக் கதையை நான் எடுத்துவிட்டேன். அவர் விலையைக் குறைக்கச் சொன்னார், நான் மசியவில்லை. சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிருமியும் நீயே விடுவே, அதுக்குக் காசும் நீயே வாங்குவியா?"

பங்காளி

செல்வி மார்டள்ளிக்காரி. கர்நாடகத்தில்தான் இருக்கிறது என்றாலும் அந்த ஊரில் கன்னடம் பஸ் போர்டில் மட்டும்தான், பேச்செல்லாம் தமிழ். புருஷன் கொத்தனார், பிழைக்க வந்தவர்கள். பெரிய உடம்பு அவளுக்கு. முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்த முறை ரத்தம் பார்த்துச் சுகர் என்றதும் ஆடிப்போனாள். இந்தப் பிள்ளையாவது நிற்கட்டும், எதைச் சொன்னாலும் செய்கிறேன் என்பாள்.

தினமும் நான் கடை திறக்குமுன் தூக்குப்பாத்திரத்தோடு நிற்பாள். என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவள் அவள் ஒருத்திதான். வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சொல்வாள்: "உள்ள இருக்கறவனும் பங்காளிதானுங்கண்ணா, அவனுக்குஞ் சேத்து ஊத்துங்க."

பிட்டு

ஒருநாள் முகமும் காலும் வீங்கி வந்தாள். இன்றைக்குத் தயிர் கொஞ்சம் புளிப்பு, பார்த்துக்கொள் என்றேன். பரவாயில்லை, சர்க்கரை போட்டால் சரியாகிவிடும் என்றாள். எவன் சொன்னது என்று கத்தினேன். டாக்டரம்மாதான், "சக்கரே பிட்டு மொசரு தின்னி" என்றார்களாம்.

மொசரு என்றால் தயிர் என்று அவளுக்குத் தெரியும். பிட்டுதான் காலை வாரிவிட்டது. நம் விட்டுதான் கன்னடத்தில் பிட்டு; சர்க்கரையை விலக்கிவிட்டுத் தயிரைத் தின்னு என்று அர்த்தம். சோற்றுக்கு நெய் விட்டு, குழம்புக்கு எண்ணெய் விட்டு என்று பழகிய காதில், சர்க்கரை விட்டு என்று விழுந்திருக்கிறது. புருஷன் டீக்குக்கூட வைக்காமல் ரேஷன் சர்க்கரையை எல்லாம் தயிரில் கொட்டியிருக்கிறாள். நடுரோட்டில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அழவில்லை. "ஒரு நாளுங்கூட நான் நிறுத்துலீங்களே அண்ணா" என்றாள்.

உள்ளே

கடையைப் போட்டது போட்டபடி அவளை உள்ளே கூட்டிப்போனேன். சத்தம் போட்டதில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். குழந்தை பிறந்தது. நல்ல பெரிய ஆண் குழந்தை. அழவே இல்லை. புருஷன் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வராந்தாவில் நின்றான்.

டாக்டரம்மா, உங்கள் அறைக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். நீங்கள் அடுத்தவளைக் கூப்பிட மணியை அடித்தபடியே கன்னடத்தில் சொன்னீர்கள்: "விடுன்னுதானே சொன்னேன்?"

சொன்னது சரி என்று நீங்கள் ஜெயித்தது போதும். செல்வி மறுபடி மாசமாகி உங்கள் வரிசையில் நிற்கிறாள், இந்தத் தடவையாவது அவளுக்கு என்ன புரிந்தது என்று அவள் வாயாலேயே சொல்லவைத்து, தப்பென்றால் திருத்தி அனுப்புங்கள்.