இரண்டு பேட்டரி வேனில் முதலிபாளையம் வரை

வெள்ளிக்கிழமை மதியம் பொள்ளாச்சியில் பஸ் ஏறியபோது என் காலடியில் ஒரு புது பேட்டரி, மடியில் ஒரு ரேடியோ-டேப் செட், தோளில் கம்பிச் சுருள். கண்டக்டர் குனிந்து பார்த்து, "இதென்னங்க?" என்றார். "பாட்டுங்க" என்றேன். மனுஷன் சிரிக்காமல் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கார், லாரிகளுக்கு ரேடியோ மாட்டுவதுதான் என் தொழில். ஆனால் ஒரு செட்டைப் பொருத்திவிட்டு, அதே வண்டியில் உட்கார்ந்து ஊர் போய் வரப் போவது அதுவே முதல் தடவை. சந்தோஷத்தில் மத்தியானச் சோறுகூட இறங்கவில்லை.

உடுமலையில் பஸ் மாறி, அங்கிருந்து இருபது கிலோமீட்டர். அமராவதித் தண்ணீர் பாயும் வயல்களைத் தாண்டினால் கொமரலிங்கம். என் மனைவியின் தம்பி பழனிச்சாமி ஸ்டாண்டிலேயே நின்றான். ஊரிலிருந்து பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் டீசல் வேன் அவனுடையது.

"வாங்க மாமா. நீங்கதான் காப்பாத்தோணும்" என்றான்.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அங்கே கம்பெனி மாறுவது சட்டை மாற்றுவது மாதிரி. எந்த வேனில் பாட்டு நன்றாக இருக்கிறதோ, பெண்கள் அந்த வேனில் ஏறி அந்தக் கம்பெனிக்கே போய்விடுவார்கள். நான்கு ஸ்பீக்கரோடு ஒரு புது வேன் ஊருக்குள் வந்ததும் பழனிச்சாமி வண்டியில் பின்சீட் காலியாகத் தொடங்கியது. இன்னும் நாலு பேர் குறைந்தால் அவன் டிரிப்பையே நிறுத்திவிடுவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவனுடைய பழைய செட்டைக் கொஞ்சம் அதிகம் பாடவிட்டால் வண்டி கிளம்பாது. பாட்டும் வேண்டும், வண்டியும் கிளம்ப வேண்டும்.

அதற்குத்தான் இரண்டு பேட்டரி. பழையது வண்டியைக் கிளப்ப மட்டும். சீட்டுக்கடியில் வைத்த புதியது பாட்டுக்கு மட்டும். ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஏற வேண்டுமே, அதற்காக நடுவில் ஒரு ரிலே. சாவியைத் திருப்பினால் அது இரண்டையும் சேர்க்கும், சாவியை எடுத்தால் பிரித்துவிடும். இருட்டுவதற்குள் மாட்டி முடித்து, சத்தத்தைக் கூட்டும் பூஸ்டரைத் திறந்துவிட்டேன். தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டோம். உடுமலை, குடிமங்கலம், பல்லடம் வழியாக முதலிபாளையம் தொழிற்பேட்டை ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். முன்சீட்டில் ஜெபமணி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து குடியேறிய டெய்லர். எந்த கேசட் எப்போது என்பது அந்த அம்மா தீர்ப்பு. "சத்தம் கணீர்னு இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். அடடா, எனக்குக் கால் தரையில் படவில்லை.

மாலை ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டது. ஓவர்டைம் பார்ப்பவர்கள் வர ஏழாகும். முதலில் வந்தவர்கள் வேனில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். நானும் பழனிச்சாமியும் டீக்கடைக்குப் போனோம். ஏழு மணிக்குத் திரும்பி வந்தால், டேப் மெதுவாகி, பாடகியின் குரல் ஆண்குரலாக இழுத்துக்கொண்டிருந்தது. பழனிச்சாமி ஸ்டார்ட்டரைத் தொட்டான். 'டக்' என்றதோடு சரி.

"சாவியை யார் திருப்பியது?" என்று கேட்டேன்.

"நாந்தான்" என்றார் ஜெபமணி. "எப்பவும் திருப்பித்தானே பாட்டுப் போடுவோம்?"

பழைய செட் சாவி திருப்பினால்தான் பாடும்; நான் மாட்டியதற்குச் சாவியே தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் திருப்பியிருக்கிறார். ரிலே இரண்டு பேட்டரியையும் சேர்த்துவிட, பாட்டு இரண்டையுமே உறிஞ்சித் தீர்த்துவிட்டது.

"ஏண்டா மாப்ள, சாவியையா குடுத்துட்டு வருவே?" என்று கத்தினேன்.

"தெனமும் அப்படித்தானுங்க மாமா" என்றான், முகம் செத்துப்போய்.

அந்த நேரம் பார்த்து நான்கு ஸ்பீக்கர் வேன் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் மரியாதையாகவே கூப்பிட்டார். "ஏறிக்குங்க, ஊட்டுக்கிட்டயே விட்டுடறேனுங்க. திங்கக்கிழமையிலிருந்து நம்ம வண்டியிலயே வந்துருங்க."

பழனிச்சாமியின் டிரிப் அந்த ஒரு நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் ஜெபமணியைப் பார்த்தார்கள்.

"நீங்க போங்க" என்றார் அவர். "டிரைவர் வார வரைக்கும் எங்களை வெளிய நிக்க வச்சு வண்டியப் பூட்டிட்டுப் போறவுக நீங்க. சாவிய எங்க கையில குடுத்துட்டுப் போறவரு இவரு ஒருத்தருதான். எங்க வண்டிய நாங்க தள்ளிக்கிடுதோம்."

ரிலேயின் கம்பியைச் சாவியிலிருந்து பிடுங்கி டைனமோவில் மாட்டினேன். இனி இன்ஜின் ஓடினால்தான் இரண்டும் சேரும். சாவியை யார் எத்தனை தடவை திருப்பினாலும் கவலையில்லை. இறங்கிய பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். "அண்ணாச்சி, உங்க பேட்டரி எங்க கையிலதான் இருக்கு" என்று எனக்குக் கிண்டலும் நன்றாகக் கிடைத்தது. மூன்றாவது மூச்சில் வண்டி உறுமியது.

பல்லடத்தில் பழனிச்சாமி டீக்கு நிறுத்தி, இன்ஜினை அணைத்தான். நான் சாவியையே பார்த்தேன். அவனோ சாவியை ஜெபமணியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். டீ குடித்து முடியும்வரை பாட்டு ஓடியது. திரும்பி வந்து சாவியைத் திருக, ஒரே திருகலில் கிளம்பியது. கிளம்பும்போதுகூடப் பாட்டு அறுபடவில்லை. வேன் முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி திரும்பினேன். என் கடையில், 'செட்டைத் தொடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை பல வருஷமாகத் தொங்கியது. திங்கட்கிழமை முதலில் வந்த லாரிக்காரர் அதன் அடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பலகையைக் கழற்றி மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு, "போட்டுப் பாருங்க" என்றேன்.