கிராணி வீட்டு வெண்ணெய்க் கண்ணன்

மலாயாவில் என் வீடு கால் ஊன்றி நிற்கிறது. மரத்தூண்களின் மேல் பலகை அடித்துக் கட்டிய வீடு. நான் மேலே உட்கார்ந்து சாப்பிடும்போது அடியில் கோழிகள் கிளறுகிற சத்தம் கேட்கும். பூதப்பாண்டியில் மண்ணோடு ஒட்டிய வீட்டில் பிறந்தவனுக்கு ஏழு வருஷமாகியும் இது பழகவில்லை. வருகிறவர் எவரும் ஐந்து படிக்குக் கீழே நின்று என்னை அண்ணாந்து பார்க்க வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்தவர்களுக்கும் நான் பெருமையாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

இந்த ரப்பர் தோட்டத்தின் ஆபீஸில் எழுத்து வேலை எனக்கு, கிராணி என்பார்கள். என் வீட்டு அறைச் சுவரில் ஒரு கண்ணாடிப் படம் உண்டு. தவழ்கிற கண்ணன், கழுத்து நிறைய நகை, வலது கையில் வெண்ணெய் உருண்டை. வடசேரிக் கிருஷ்ணன் கோயில் வாசலில் வாங்கியது. எங்கள் மூத்தவளைச் சுமந்த மாதங்களில் என் மனைவி காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பாள். வயிற்றுப் பிள்ளைக்காரி பார்க்கிற முகம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் புறப்பட்டபோது அதைப் புதுவேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, "ஒடையாமப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

ஒரு நாள் காலைப் பெயர்ப் பதிவில் புதிதாக ஒரு குரல் கேட்டது. சேலத்துக்காரர்களும் திருச்சிக்காரர்களும் அந்தப் பேச்சின் ராகத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கோ நெஞ்சு நிறைந்துவிட்டது. "எந்த ஊரு?" என்றேன். "குழித்துறைப் பக்கம், கிராணி ஐயா." பெயர் தாயம்மை. ஊர்ப் பேச்சைக் கேட்ட சந்தோஷத்தில் இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டாவது பதிலில் அவள் சாதி தெரிந்தது. கோயில் தெருவிலேயே அவர்களை நாங்கள் நடக்க விட்டதில்லை. மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, வயிறு தெரியத் தொடங்கியபின், அவள் என் படிக்குக் கீழே வந்து நின்றாள். என் வீட்டில் கண்ணன் படம் இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நான் மேல வரமாட்டேன் ஐயா. இங்கனயே நின்னு ஒருக்கா பாத்துக்கிடுதேன். கதவ மட்டும் தெறந்து வெச்சாப் போதும்."

"சாமி படத்தைக் கண்ட நேரத்துல பாக்கப்பிடாது" என்றேன்.

"எப்ப வரணும் ஐயா?"

உள்ளே போய்ப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். கண்ணன் ஒரு வாரம் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

அடுத்த வாரம் தோட்டத்துத் துரை, ஏதோ காகிதம் தேடி, பூட்ஸ் காலோடு நேரே என் அறைக்குள் வந்துவிட்டார். வாயில் புகையும் சுங்கான் குழாய். திரும்பியிருந்த படம் அவர் கண்ணில் பட, இடக்கையால் கழற்றிப் பார்த்தார். "உன் பொண்ணா?" என்றார், தோட்டத்துத் தமிழில். சாமி என்பதை இங்கிலீஷில் "காட், சார்" என்றேன். என் உச்சரிப்பு அவர் காதில் 'குட்' என்று விழுந்திருக்க வேண்டும். "வெரி குட், வெரி குட்" என்று என் தோளில் தட்டிவிட்டு, படத்தை நாற்காலியில் குப்புறப் போட்டார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் திறந்த கதவு வழியே பார்த்தேன். ரப்பர் பால் வாளியோடு தாயம்மை கீழே பாதையில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கோபமாக முறைத்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எனக்காக வெட்கப்பட்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டபோது படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்தக் கொட்டகைக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. அவள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். படத்தைப் பிரித்துக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"இதா ஐயா? நான் வேற மாதியில்லா நெனச்சு வெச்சிருந்தேன்."

"எப்படி?"

"கறுத்து, எங்க அப்பனப் போல. நகையொண்ணும் கெடையாது. கையில மரச்சீனிக் கெழங்கு." பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கு அது போதும். நீங்க கொண்டு போங்க, இங்கன கெடந்தா ஒடஞ்சு போவும்."

அவள் புருஷன் தகரக் குவளையில் தேநீர் கொண்டுவந்து நீட்டினான். மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். ஆனால் கை நீளவில்லை. "இப்பதான் குடிச்சேன்" என்று பொய் சொன்னேன். அவன் நம்பியதுபோல் தலையாட்டினான். இரண்டு மாதத்தில் அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

போன மாதம் மனைவியின் கடிதம் வந்தது. மகாராஜா உத்தரவால் ஊரில் கோயில்கள் எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டனவாம். 'உங்கள் அப்பா இனி நாம் கோயிலுக்குப் போக வேண்டாம் என்கிறார். நான் போகட்டுமா?' என்று கேட்டிருந்தாள். போ என்று அன்றே எழுதிப் போட்டேன். எழுதுவது எளிதாகத்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். இங்கே எல்லோருக்கும் ஒரே வாசல். ஏழு வருஷமும் அதனாலேயே வெளியில் நின்று கும்பிட்டவன், அன்று உள்ளே நுழைந்தேன். தோளோடு தோள் இடித்து நின்ற கூட்டத்துக்குள் நானும் ஒருவனாக நின்றுவிடலாம் என்று நினைத்தேன். "கிராணி ஐயா வாராரு, தள்ளுங்க" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் சட்டென்று விலகியது. தீபாராதனை முடியும்வரை நான் கைகூப்பி நின்றேன். என்னைச் சுற்றிலும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வெறும் தரை.