நைனாவுக்கு ஒரு கல்லறை

ஈர மணல், சாமந்தி, உருகின மெழுகு... இந்த மூன்றும் கலந்த வாசனை எங்கே அடித்தாலும் எனக்குப் பழவேற்காட்டுக் கல்லறைத் திருநாள்தான். போன வாரம் மார்க்கெட்டில் பூக்கடைப் பக்கம் போனபோதும் வந்தது. வாங்கப் போன பூவை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் அந்த நாளில் ஏரிக்காற்றும் கடல்காற்றும் போட்டி போட்டுக்கொண்டு அடிக்கும். மெழுகுவத்தி நிற்காது. அதற்காகவே ஓட்டைப் பானையைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்திருப்பார்கள். கல்லறை மேல் பானையைப் படுக்கவைத்து, உள்ளே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சாமியார் தீர்த்தம் தெளிக்க வரும்வரை குடும்பத்தோடு அங்கேயே நிற்க வேண்டும்.

எல்லாக் குடும்பத்துக்கும் நிற்க ஒரு இடம் இருந்தது. எங்களுக்குத்தான் இல்லை.

நைனா, எங்கள் அப்பா, முகத்துவாரத்தைத் தாண்டி வலைக்குப் போனவர். படகு லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் கரை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. தேடாத இடமில்லை...

இப்படிப் போனவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. பேர் தெரியாத பிணங்களுக்கும் அதன் அடியில்தான் ஏற்றுவார்கள். அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. நைனா என்ன அனாதையா என்று சண்டைக்கு வந்துவிடுவாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நைனாவின் சட்டையைப் புதைத்து, மேலே ஒரு சிலுவை நட, ஆறடி இடம். சாமியார், கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவையில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பேரவையில் கையை விரித்துவிட்டார்கள். டவுன் பங்கு, சனம் பெருகிப்போச்சு, பழைய குழியையே திறந்து திறந்து புதைக்கிறோம், இதில் சட்டைக்கு எங்கே போவது என்றார்கள். நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வாள்?

அப்போது நான் பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. கல்லறைத் திருநாளுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, திருப்பாலைவனம் வழியாக வருகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். கல்லறைத் தோட்டத்தில் அம்மாவைக் காணோம். பக்கத்து வீட்டு அக்கா, அவள் ஊரின் பழைய டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனதாகச் சொல்லி ஒரு மாதிரி சிரித்தாள்.

எலும்புக்கூடு செதுக்கின தூண் வைத்த அந்த வாசல் வழியாக ஓடினேன். உள்ளே, கப்பல் செதுக்கின ஒரு பெரிய கல் பக்கத்தில் அம்மா குந்திக்கொண்டிருந்தாள். எதிரில் பானை, மெழுகுவத்தி, கையில் செபமாலை. எனக்கு மானமே போச்சு. யாரோ ஒரு டச்சுக்காரன், செத்து முந்நூறு வருஷமாவது இருக்கும், அவனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவனும் கடல்ல வந்தவன்தான். இவன் பொண்டாட்டி அந்த ஊருல எந்தக் கல்லாண்ட போயி அழுதாளோ... அவளுக்காக நான் ஏத்தறேன். உங்க நைனா எங்க கீறாரோ, அங்க எவளாவது ஏத்தாமலா போயிடுவா."

நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்னை அறியாமல் அழுகை வந்தது.

விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டச்சுக்காரன் பொண்டாட்டி என்று மீன் ஏலத்தில் பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் பங்கின் வரலாற்றை எடுத்தார். போர்ச்சுக்கல்காரர் காலத்தில் மாதா கோயில் வந்தது, பிறகு டச்சுக்காரர் கோட்டை கட்டி ஆண்டது, வேறு சபையைச் சேர்ந்த அவர்கள் காலத்தில் நம் முன்னோர் செபம் சொல்லவே படாதபாடு பட்டது... எல்லாம் சொல்லிவிட்டு, அப்பேர்ப்பட்டவர்கள் கல்லறையில் நம் பங்கு மக்கள் மெழுகுவத்தி ஏற்றலாமா என்று நிறுத்தினார். பேர் சொல்லவில்லை. ஆனால் கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது.

பூசை முடிந்ததும் அம்மா நேராக அவரிடம் போனாள். சண்டை போடப் போகிறாள் என்று நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் முக்காட்டை எடுக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"சாமி, அவுங்க நம்ம கோயில இன்னா பண்ணாங்கனு எனக்குத் தெரியாது. நான் உங்களாண்ட ஒரு எடம் கேட்டேன், நீங்க குடுக்கல. அவன் குடுத்தான்."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் இடமும் வரவில்லை.

அம்மா வருஷா வருஷம் அங்கேயே போனாள். பிறகு டச்சுக் கல்லறைக்குக் கேட் போட்டுப் பூட்டினார்கள். பழங்காலத்துக் கல், புகை படக்கூடாதாம். அதுவும் நியாயம்தான். அதற்கப்புறம் அம்மா கேட்டுக்கு வெளியே ரோட்டோரமாக ஏற்றினாள். பஸ் போகும்போதெல்லாம் முதுகைக் குறுக்கிச் சுடரை மறைத்துக்கொள்வாள். அந்த முதுகை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இப்போது எங்கள் பங்குக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. யாராவது கோயில் வரலாறு போடுகிறார்கள். போர்ச்சுக்கல்காரர், டச்சுக்காரர், பழைய கோயில், புதுக் கோயில், வந்துபோன சாமியார்கள் போட்டோ... நானும் லைக் போடுகிறேன். அதில் அம்மா எங்கேயும் இல்லை.

அவள் போனது ஒரு மழை மாதம். கல்லறைத் தோட்டத்தில் மறுபேச்சு இல்லாமல் குழி வெட்டிக் கொடுத்தார்கள். சிலுவையில் அவள் பேருக்கு மேலே நைனா பேரையும் எழுதலாமா என்று புதுச் சாமியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சின்ன வயசுக்காரர், பழைய கதை எதுவும் தெரியாது. தாராளமா எழுதுங்கம்மா, இதுக்கெல்லாம் கேக்கணுமா என்றார்.

எழுதினோம். நைனாவுக்கு அந்த மண்ணில் இடம் கிடைத்துவிட்டது... அதற்கு அம்மா சாக வேண்டியிருந்தது.