பயம் இல்லை என்று குறித்தேன்

வடமதுரை பேருந்து நிறுத்தத்தில் ஒரு பயண ஆய்வுக்காகக் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டிருந்தேன். எதில் போகிறீர்கள், ஏன், பயணத்தில் எதற்காவது பயம் உண்டா, உண்டென்றால் அது ஐந்துக்கு எத்தனை என்று கேட்க வேண்டும்.

திண்டுக்கல் சந்தைக்குப் பூ கொண்டுபோகும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். கூடையைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கிய கணவர் முந்திக்கொண்டார்.

"இவளுக்கு என்ன சார் பயம்? வண்டியிலயே சந்தைக்குக் கொண்டுபோய் விடுறேன்னாலும் கேக்க மாட்டா, கூடைய மட்டும் அனுப்பிட்டு இங்க நடந்து வாரா. ஓசி பஸ்ஸுன்னா அம்புட்டு ஆசை!"

அந்தப் பெண்ணும் சிரித்தார். காரணம் இலவசப் பயணம், பயம் இல்லை என்று குறித்தேன்.

கணவர் டீ வாங்கப் போனதும் அவர் தணிந்த குரலில் சொன்னார்: "அண்ணே, வண்டின்னாத்தான் பயம், அஞ்சு போடுங்க. போன வருசம் இவரு வண்டியில இருந்து நான் விழுந்ததுலதான் வயித்துப் புள்ள போச்சு. பயம்னு சொன்னா மனுசன் ஒடஞ்சு போயிருவாரு. கஞ்சத்தனம்னு கேலி பண்ணிட்டுப் போகட்டும்."

திருத்தினேன். டீயோடு திரும்பிய கணவர், "என்ன சார் எழுதுனீக?" என்று எட்டிப் பார்த்தார். தாளை மடித்து, "ஓசி பஸ்தான்" என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார்.

அன்று மாலை மற்ற தாள்களை எடுத்துப் பார்த்தேன். பதில் சொன்னவரின் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஒன்றில்கூட நான் எழுதியிருக்கவில்லை.